கடவுச்சொல் கேட்கும் முன்

குரோலி தீவு
ஜூன் 4

டூகல்,

'அன்புள்ள'ன்னு ஆரம்பிக்கக் கை வரல. பேரோட நிறுத்திக்கிறேன்.

ஏன் காகிதத்துல எழுதுறேன்னு யோசிப்ப. என் மின்னஞ்சலை அமைச்சுக் கொடுத்ததே நீதான். கடவுச்சொல்லும் நீ போட்டதுதான். அதுல நான் எழுதினதை நீ அழிச்சிட்டு, 'அக்கா எதுவுமே எழுதலையே'ன்னு சொன்னா நான் யார்கிட்டப் போய் நிப்பேன்? இந்தக் கடிதத்துக்கு நகல் எடுத்துப் பூட்டி வச்சிருக்கேன். தெரிஞ்சுக்கோ.

ஏப்ரல் பத்தாம் தேதி நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஆலைல கிருமி சாக எழுபத்திரண்டு டிகிரில ஓட வேண்டிய பால் அறுபத்துமூணுல ஓடி பாட்டிலுக்குப் போயிடுச்சு. பதினோரு பேர் படுத்தாங்க. கொரீனாவோட பொண்ணு டில்லி, ஏழு வயசு, சிறுநீரகம் கெட்டு இன்னும் ஹோபார்ட் ஆஸ்பத்திரிலதான் கிடக்கா. அன்னிக்கு இயந்திரத்துக்குப் பக்கத்துல இருந்தது ராய்ஸ். மேலாளர் பென்ரோஸ் அம்மா உன்கிட்ட அபிப்பிராயம் கேட்டாங்க. நீ லான்செஸ்டன்ல உட்காந்துகிட்டு ஒரே வரி எழுதி அனுப்பின: 'யாராவது கைவைக்காமல் இந்த எண் மாறாது.' அந்த ஒரு வரில என் புருஷன் வேலை போச்சு. கடைக்குப் போனா எங்களைப் பார்த்து வண்டிய அந்தப் பக்கம் திருப்பிக்கிறாங்க.

இப்ப கேளு. மே 29 காலைல நான்தான் பொறுப்பு. ராய்ஸ் ஆலைப் பக்கமே வரல, வீட்டுல வேலி கட்டிகிட்டு இருந்தார். கணினி அறை பூட்டி இருந்துச்சு, சாவி என் கழுத்துல. கண்ணாடி வழியா பாத்துகிட்டே இருந்தேன். திரை திடீர்னு நீலமாச்சு, அணைஞ்சுது, தானா எழுந்துச்சு. குழாய்ல கைத்தெர்மாமீட்டரை வச்சுப் பாத்தா அறுபத்துமூணு. நான் பாத்ததால நாலாயிரம் லிட்டரையும் சாக்கடைல விட்டேன்.

யாரும் கைவைக்கல, டூகல். அந்த இயந்திரத்தைத் தெரிஞ்சவங்க உலகத்துலயே ரெண்டு பேர். ஒருத்தர் ராய்ஸ். இன்னொருத்தர் யாரு?

நெரிடா


லான்செஸ்டன்
ஜூன் 8

அக்கா,

கடிதம் கிடைத்தது. நீ என்ன சொல்ல வருகிறாய் என்பது புரிகிறது. அதை நேராகவே எழுதியிருக்கலாம்.

ஏப்ரலில் என்னிடம் கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். அந்தக் கணினியைப் பதினான்கு வருடங்களுக்கு முன் நான்தான் நிறுவினேன். அதன் இயங்குதளம் கிழடுதான், அதை உண்டாக்கியவர்களே கைகழுவி வருடங்கள் ஆகின்றன. ஆனால் கிழடானதால் எண்கள் தானாக மாறிவிடாது.

மே 29 அன்று நடந்ததாக நீ சொல்வதைப் பார்த்த ஒரே ஆள் நீ. உன் கணவர் வேலை இழந்து ஐந்து வாரம் கழித்து, அவர் இல்லாத நேரத்தில், அதே எண், அதே கோளாறு, சாட்சியாக நீ மட்டும். பென்ரோஸ் இதை எப்படிப் பார்ப்பார் என்று யோசித்தாயா? நானே எப்படிப் பார்ப்பேன் என்று யோசித்தாயா?

கோபத்தில் எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீலத் திரை என்றாயே, அதில் வெள்ளை எழுத்தில் ஏதாவது இருந்ததா? ஞாபகம் இருக்கிற அளவுக்கு எழுது. இட்டுக்கட்டாதே. இட்டுக்கட்டினால் எனக்குத் தெரிந்துவிடும்.

டூகல்


குரோலி தீவு
ஜூன் 11

டூகல்,

உன் கடிதத்தைப் படிச்சிட்டு அடுப்புல போடப் போனேன். ராய்ஸ்தான் பிடுங்கினார். "வையி, பின்னாடி உதவும்"னார். இந்த வீட்டுல இப்ப எல்லாமே 'பின்னாடி உதவும்'தான்.

பென்ரோஸ் அம்மா எப்படிப் பாத்தாங்கன்னு கேட்டியே. நான் சொன்னதும் பேனாவைக் கீழ வச்சாங்க. "நெரிடா, ராய்ஸ் திரும்ப வரணும்னு உனக்கு ஆசை இருக்கும். அது எனக்குப் புரியுது. ஆனா பாலோட விளையாடாதே"ன்னாங்க. முப்பது வருஷம் அந்த ஆலைல பால் வாடையோட வாழ்ந்தவகிட்ட!

இட்டுக்கட்டினேனான்னு நீயே பாத்துக்கோ. திரை நீலமானப்ப பால் கணக்குச் சீட்டுக்குப் பின்னாடி எழுதினேன். முழுசா எழுத நேரமில்ல. ஒரு கோப்பு பேரு மட்டும் வருது: டி, ஈ, ஆர், எம், டி, டி. அப்புறம் ஒரு புள்ளி. அதுக்கு மேல திரை போயிடுச்சு.

இன்னொன்னும் சொல்றேன். நேத்து அந்த அறையைப் பெருக்குறப்ப மேசைக்குப் பின்னால குனிஞ்சு பாத்தேன். கணினிக்குப் பின்னால இருந்து ஒரு மஞ்சள் கம்பி சுவர் ஓரமாப் போயி ஆபீஸ் இணையப் பெட்டில சேருது. அதுல ஒரு சீட்டு கட்டியிருக்கு: 'எடுக்க வேண்டாம். டூ.' உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? உனக்கு எழுதப் பழக்கினதே நான்தான்.

அந்தக் கணினிக்கும் வெளி உலகத்துக்கும் ஒட்டே கிடையாதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னவன் நீ. இது என்ன?

நெரிடா


லான்செஸ்டன்
ஜூன் 15

அக்கா,

மூன்று தாள் கிழித்த பிறகு இதை எழுதுகிறேன்.

கம்பி நான் போட்டதுதான். ஒன்பது வருடங்களுக்கு முன் நான் இங்கே குடிவந்தபோது, சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் விமானம் ஏற வேண்டாமே என்று, வீட்டிலிருந்தே உள்ளே நுழையும் வசதியைத் திறந்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கடவுச்சொல் இருபது எழுத்து. அதைத் தாண்டி ஒருவரும் வர முடியாது என்று நம்பினேன். ஏப்ரலில் பென்ரோஸ் கேட்டபோது கம்பியைப் பற்றி வாய் திறக்காததற்குக் காரணமும் அதுதான். வெட்கம், பயம், இரண்டும்.

நீ கேட்கப்போவதை நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், நான் நினைத்திருந்தால் இங்கிருந்தே அந்த எண்ணை மாற்றியிருக்க முடியும். மாற்றவில்லை. நிரூபிக்க இப்போதைக்கு என்னிடம் எதுவும் இல்லை.

நீ எழுதிவைத்த அந்த ஆறு எழுத்துதான் என்னை எழுப்பியது. அது, தொலைவிலிருந்து வருகிறவர்களை உள்ளே விடும் பகுதியின் கோப்பு. பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது ஏன் விழ வேண்டும் என்று தேடினேன். இயங்குதளத்தை உண்டாக்கியவர்கள் மார்ச் மாதமே ஒரு எச்சரிக்கை அனுப்பியிருக்கிறார்கள். கைகழுவிய பழைய பதிப்புக்குக்கூட இலவசமாகத் திருத்தம் கொடுத்து, உடனே போடுங்கள் என்று கெஞ்சாத குறை. அந்த அஞ்சல் என் பெட்டியில் திறக்காமலே கிடந்தது. மார்ச்சில், அக்கா. டில்லி விழுந்தது ஏப்ரலில்.

ஓட்டை என்னவென்று உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ஆலையில் உடைமாற்றும் அறை அலமாரிகளை நினைத்துக்கொள். அதில் ஒன்று மேலாளருடையது, அன்றைய உத்தரவுச் சீட்டை அவர் அதில்தான் வைப்பார். வெளியிலிருந்து வருகிற ஒருவன், அடையாள அட்டை காட்டுவதற்கு முன்பே, 'எனக்கும் அதே அலமாரி' என்கிறான். காவலாளி யோசிக்காமல் கொடுத்துவிடுகிறான். வந்தவன் போகும்போது, அலமாரி காலி என்று காவலாளி ஏட்டில் அடித்துவிடுகிறான். மேலாளருக்கு அது தெரியாது. வந்தவன் அந்தக் காலி இடத்தில் தன் சீட்டைச் செருகிவிடுகிறான். மேலாளர் வந்து திறந்து, தன் சீட்டு என்று நினைத்து, அதில் எழுதியிருப்பதை அப்படியே செய்கிறார். இவ்வளவும் கடவுச்சொல் கேட்கும் முன்பே முடிந்துவிடுகிறது. என் இருபது எழுத்தும் வீண்.

நம் விஷயத்தில் வந்தவனுக்குக் குறி தப்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். சீட்டு தவறான இடத்தில் விழுந்தால் மேலாளர் குழம்பி மயங்கி விழுவார். அதுதான் நீலத் திரை.

உடனே மஞ்சள் கம்பியைப் பிடுங்கிவிடு. பென்ரோஸுக்கு இப்போது எதுவும் சொல்ல வேண்டாம்.

டூகல்


குரோலி தீவு
ஜூன் 18

டூகல்,

'கம்பியைப் பிடுங்கு, யாருக்கும் சொல்லாதே.' குத்தம் பண்ணினவன் வேற எப்படி எழுதுவான், சொல்லு?

ராய்ஸ்கிட்டப் படிச்சுக் காட்டினேன். அலமாரிக் கதையை ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "கதை நல்லா இருக்கு. ஆனா மயக்கம் போட்டு விழுந்தவன் எழுந்து எதுக்கு அறுபத்துமூணுன்னு சொல்றான்? வேற நம்பர் கிடையாதா?"ன்னு கேட்டார். எனக்கும் அதுதான் உறுத்துது. வெளில இருந்து எவனோ வந்தான்னா, அவனுக்கு நம்ம பால் கணக்கு எப்படித் தெரியும்?

கம்பியைப் பிடுங்கிட்டேன். ஆனா நீ சொன்ன மாதிரி இல்ல. உணவு ஆய்வாளர் ஹார்க்னஸ் வெள்ளிக்கிழமை விமானத்துல வந்திருந்தார். அவரையும் பென்ரோஸ் அம்மாவையும் பக்கத்துல நிக்க வச்சு, சீட்டோட படம் எடுத்து, அப்புறம்தான் எடுத்தேன். உன் கடிதம் எல்லாத்தையும் அவங்க முன்னால வச்சேன்.

பென்ரோஸ் அம்மா படிச்சு முடிச்சாங்க. "ஒன்பது வருஷமா என் ஆலைல ஒரு கதவு திறந்து கிடந்திருக்கு, எனக்குத் தெரியாம"ன்னாங்க. அதுக்கப்புறம் என்னைப் பாத்து, "இதுல உனக்கும் பங்கு இல்லைன்னு நான் எப்படி நம்புறது?"ன்னாங்க. அக்கா தம்பி இல்லையா நாம. இங்க அதுவே ஒரு குத்தம் இப்ப.

உன்னைத் தீவுக்குக் கூப்பிடக் கூடாதுன்னு உத்தரவு. இயந்திரத்துப் பக்கம் நீ வரவே கூடாதாம். என்ன செய்யணுமோ எழுதி அனுப்பு. நான் செய்றேன், ஹார்க்னஸ் பாப்பார்.

முதல்ல ராய்ஸ் கேட்டதுக்குப் பதில் சொல்லு.

நெரிடா


லான்செஸ்டன்
ஜூன் 22

அக்கா,

ராய்ஸ் அத்தான் கேட்ட கேள்வியை நான் பதினான்கு வருடங்களுக்கு முன் என்னையே கேட்டிருக்க வேண்டும்.

நான் அந்தக் கணினியை நிறுவியபோது ஆலையில் பெரிய தொட்டி முறைதான். பாலை அறுபத்துமூன்று டிகிரியில் அரை மணி நேரம் வைத்திருப்பார்கள். அப்போது அது சரியான எண். மறு வருடம் குழாய் முறை வந்தது. எழுபத்திரண்டு டிகிரி, பதினைந்து நொடி. ஓடிக்கொண்டிருந்த எண்ணை மாற்றினேன். கணினி புதிதாக எழும்போது படிக்கிற ஆரம்பக் கோப்பில் மாற்ற மறந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தக் கணினியை யாருமே அணைக்கவில்லை. மின்சாரம் போனாலும் மின்கலம் தாங்கியது.

ஆகவே வந்தவனுக்குப் பாலைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவன் கணினியை விழவைத்தான். எழுந்த கணினி நான் மறந்துபோன எண்ணைப் படித்தது. ஏப்ரலுக்குப் பிறகும் ஓடும் எண்ணை மட்டும்தான் திருத்தினார்கள், அதனால் மே மாதம் அதே எண் மறுபடி வந்தது. சூடு குறைந்தால் பாலைத் திருப்பி அனுப்ப வேண்டிய அடைப்பானும் அதே எண்ணைத்தான் நம்பியது. கெடுத்தது நான் என்று நீ முதல் கடிதத்தில் எழுதினாய். நீ நினைத்த வழியில் இல்லை. ஆனால் நான்தான்.

இதோடு ஒரு குறுந்தட்டு அனுப்பியிருக்கிறேன். அதில் திருத்தம் இருக்கிறது. அதை நம்பாதே. நூலகத்துக்குப் போய், உண்டாக்கியவர்களின் பக்கத்திலிருந்து அதே திருத்தத்தை நீயே இறக்கு. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி நாற்பது எழுத்தும் எண்ணும் உண்டு. என் தட்டிலுள்ளதும் நீ இறக்கியதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒன்று மாறினாலும் என் தட்டை உடைத்து ஹார்க்னஸிடம் கொடு.

இன்னொன்று. திருத்தம் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். குழாயில் பால் இல்லாமல் வெறும் தண்ணீர் ஓடட்டும். எல்லாரும் பார்க்க, மஞ்சள் கம்பியைப் பத்து நிமிடம் மாட்டுங்கள். நான் இங்கிருந்து, வந்தவன் அந்த ஓட்டையைத் தட்டியதைப் போலவே தட்டுகிறேன். நான் சொல்வது உண்மையென்றால் எல்லார் கண்ணெதிரிலும் நடக்கும். பொய்யென்றால் அதுவும் தெரிந்துவிடும்.

டூகல்


குரோலி தீவு
ஜூலை 2

டூகல்,

எல்லாத்தையும் வரிசையா எழுதுறேன். ஹார்க்னஸும் அறிக்கை எழுதுவார், ஆனா அவர் அறிக்கைல மனுஷங்க இருக்க மாட்டாங்க.

முதல்ல நூலகம். நாற்பது எழுத்தையும் ஒப்பிட ஆள் வேணுமே. ராய்ஸைக் கூப்பிட்டேன். "உன் தம்பி அனுப்பினதை நான் தொட மாட்டேன்"னார். "தொட வேண்டாம், படிங்க போதும்"னேன். கண்ணாடியைப் போட்டுகிட்டு உட்காந்தார். அவர் உன் தட்டுல உள்ளதைப் படிக்க, நான் இறக்கினதைப் பாத்து 'சரி, சரி'ன்னேன். முப்பத்தொன்னாவது எழுத்துல நிறுத்தினார். "இது பூஜ்யமா, ஓ-வா?"ன்னார். இந்த வகைல ஓ வராதுன்னு நூலகத்துப் பொண்ணு சொன்னா. நாற்பதும் ஒத்துச்சு. ராய்ஸ் கண்ணாடியைக் கழட்டி, "திருத்தத்துல பொய் இல்ல. அதுக்காக அவன்கிட்ட இல்லைன்னு அர்த்தம் இல்ல"ன்னார்.

நேத்து காலைல சோதனை. பென்ரோஸ் அம்மா, நிர்வாகக் குழுவுல ரெண்டு பேர், ஹார்க்னஸ், நான். ராய்ஸை உள்ள விடக் கூடாதுன்னாங்க. ஹார்க்னஸ்தான், "குழாய்ல தெர்மாமீட்டர் பிடிக்க ஆள் வேணும், அவரை விடத் தெரிஞ்சவர் யாரு?"ன்னார். ராய்ஸ் வந்தார். யாரையும் பாக்கல. குழாய்ப் பக்கம் போய் நின்னுகிட்டார்.

பத்து நிமிஷம், நீ சொன்னபடி. கம்பியை மாட்டினேன். தொலைபேசில நீ, "தட்டப் போறேன்"ன்ன. ஒன்னும் ஆகல. குழுல ஒருத்தர், அந்த விண்டர்பாட்டம், சிரிச்சார். "தம்பி நல்லா கதை எழுதுறார்"னார். நீ மறுபடியும், "தட்டுறேன்"ன்ன. அப்பவும் ஒன்னும் இல்ல. பென்ரோஸ் அம்மா என்னைப் பாத்தாங்க பாரு, அந்தப் பார்வையை நான் சாகுறவரை மறக்க மாட்டேன். ராய்ஸ் மட்டும் தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கல.

மூணாவது தடவை திரை நீலமாச்சு.

அதே ஆறு எழுத்து. அணைஞ்சுது, எழுந்துச்சு. கொஞ்ச நேரத்துல ராய்ஸ் குரல் குடுத்தார்: "எழுபது... அறுபத்தெட்டு... அறுபத்தஞ்சு..." "அறுபத்துமூணு. நின்னுடுச்சு."

பென்ரோஸ் அம்மா கைல இருந்த கோப்பை மூடினாங்க. ராய்ஸ் பக்கம் போனாங்க. ஏதோ சொல்ல வந்தாங்க. ராய்ஸ், "மேடம், இன்னும் வேலை முடியல"ன்னார். அவ்வளவுதான்.

திருத்தம் முதல் தடவை ஏற மாட்டேன்னுது. அதுக்கு முந்தின திருத்தத் தொகுப்பு ஒன்னு போடவே இல்லையாம். அதையும் நூலகத்துல இருந்து எடுத்து, கைரேகை ஒப்பிட்டுப் போட்டோம். ஆரம்பக் கோப்புல அறுபத்துமூணை அழிச்சு எழுபத்திரண்டுன்னு நான் என் கையால அடிச்சேன். அப்புறம் மறுபடி நீ தட்டின. அஞ்சு தடவை, பத்து தடவை. திரை அசையல. கடைசில தொலைவு வசதியையே அணைச்சுட்டு, கம்பியைச் சுருட்டி ஹார்க்னஸ் பையில போட்டுகிட்டார்.

ஒன்னு கேக்கணும். மூணாவது தடவை நடக்கலைன்னா என்ன செஞ்சிருப்ப?

நெரிடா


லான்செஸ்டன்
ஜூலை 9

அக்கா,

நடக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்திருப்பேன். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

குழுவுக்கு முழு அறிக்கை அனுப்பிவிட்டேன். கம்பி, திறக்காத அஞ்சல், மறந்த எண், ஏப்ரலில் மறைத்தது, எல்லாம் என் கையெழுத்துடன். ராய்ஸ் அத்தான் மேல் சொன்னதை முதல் பக்கத்திலேயே திரும்பப் பெற்றிருக்கிறேன்.

இந்த வாரம் முழுக்க ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி இன்னும் ஏழு இடத்தில் மஞ்சள் கம்பி போட்டு வைத்திருந்தேன். ஒரு மீன் ஆலை, ஒரு மரம் அறுக்கும் பட்டறை, மற்றவை பால். இரண்டு இடத்தில் தட்டிய தடம் இருக்கிறது. மரப்பட்டறைக்காரர் காது கூசத் திட்டி வெளியே தள்ளினார். தள்ளுவதற்கு முன் கம்பியை எடுத்துவிட்டேன்.

தட்டியவன் யார் என்று தேடிப் பார்த்தேன். தடம் நாலு நாடு சுற்றி எங்கோ காணாமல் போகிறது. கண்ணில் படுகிற கணினியையெல்லாம் தானாகத் தட்டிப் பார்க்கும் ஒரு நிரலை யாரோ அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். நம் தீவு இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது.

டில்லி எப்படி இருக்கிறாள்?

டூகல்


குரோலி தீவு
ஜூலை 16

டூகல்,

ராய்ஸைத் திரும்பக் கூப்பிட்டாங்க. ரெண்டு வரிக் கடிதம், அதுல ஒரு வரி வருத்தம். போறதா வேண்டாமான்னு மூணு நாள் கொல்லையில நடந்தார். திங்கட்கிழமை போனார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: அரை மணிக்கொரு தடவை ஆள் போய்க் குழாயைத் தொட்டுப் பாத்து எழுதணும், திரை என்ன சொன்னாலும் சரி. பென்ரோஸ் அம்மா ஒத்துக்கிட்டாங்க. என்னைப் பாத்தா இப்பவும் கண்ணைத் தாழ்த்திக்கிறாங்க.

டில்லி சனிக்கிழமை வந்துட்டா. ரொம்ப இளைச்சுப் போயிருக்கா. ஒரு சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யுதாம். வாழ்நாள் பூரா மருந்து. வாலபிக் கறியை மாவுக்குள்ள வச்சுச் சுட்டு எடுத்துட்டுப் போனேன். கொரீனா வாங்கிக்கிட்டா, உட்காரச் சொல்லல.

"யாரு பண்ணினது நெரிடா?"ன்னு கேட்டா. நீ எழுதின மாதிரியே சொன்னேன். எவனோ, எங்கயோ, நம்ம பேரே தெரியாதவன்னு.

"அப்போ நான் யாரைத்தான் திட்டுறது?"ன்னா.

உன் பேரைச் சொல்லல. உன்னைக் காப்பாத்தறதுக்காக இல்ல. அது நான் சொல்ல வேண்டியது இல்லைன்னு தோணிச்சு.

நெரிடா


லான்செஸ்டன்
ஜூலை 19

அன்புள்ள அக்கா,

செவ்வாய்க்கிழமை விமானத்தில் இடம் எடுத்திருக்கிறேன். மூடுபனி இருந்தால் வெள்ளிக்கிழமை.

விமானத் தளத்திலிருந்து நேராகக் கொரீனா வீட்டுக்குத்தான் போகப் போகிறேன். என்ன பேசுவது என்று எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அவர் திட்டி முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பேன். டில்லி என்னைப் பார்க்க விரும்பினால் அவளிடமும் சொல்வேன். ஏழு வயதுக் குழந்தைக்கு இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

அதற்கப்புறம் உங்கள் வீட்டுக்கு வரலாமா, அல்லது அடுத்த விமானத்துக்கே திரும்பிவிட வேண்டுமா என்பதை ராய்ஸ் அத்தானிடம் கேட்டு வை. அவர் என்ன சொன்னாலும் சரி.

டூகல்